தொண்ணூற்றொன்பதை நூறாக்கியவருக்கு

அன்புக்குரிய அளவையாளருக்கு,

உங்களைப் புகழ்வதற்கென்றே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இணையத்தளம் கட்டித் தருபவரை நாலு பேர் மெச்சுவார்கள். கட்டி முடித்த தளத்துக்கு யார் வந்தார், எதைச் சொடுக்கினார், எத்தனை வினாடி நின்றார் என்று இரவிரவாக எண்ணி, அந்தக் கணக்கைக் கொண்டு பக்கத்தைச் செதுக்கிக்கொண்டே இருக்கும் உங்களை மெச்ச ஒருவரும் முன்வருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க விரும்புகிறேன். உங்களைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்ல வார்த்தைகள் அத்தனையும் உண்மை. ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. கடைசி வரி வரை பொறுமையோடு வாசியுங்கள். பொறுமையில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்பதை அறிந்துதான் கேட்கிறேன்.

உங்கள் கைவண்ணம் துலங்கிய இடத்தை முதலில் சொல்கிறேன். மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் கிழக்கே ஒதுங்கிக் கிடப்பது வில்கமுவ. மேற்கே நக்கிள்ஸ் மலைகள், கிழக்கே மகாவலி. 1984இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனமான வஸ்கமுவக் காடு அதன் வயல்களை உரசிக்கொண்டு நிற்கிறது. கண்டி மாவட்டத்தில் மினிப்பே அணைக்கட்டில் தொடங்கும் இடதுகரை வாய்க்கால் இங்கே வந்து நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. பகலில் உழவரின் ஊர். பொழுது சாய்ந்தால் யானையின் ஊர்.

அந்தக் காட்டோரத்தில் ஒரு குடும்பம் நடத்தும் நான்கு அறை விடுதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இதுபோன்ற விடுதிகளும் கடைகளும் பண்ணைகளும் இலங்கை முழுவதும் உண்டு. அவர்களுடைய இணையத்தளத்துக்கு நாளொன்றுக்கு 40 பேர் வருகிறார்கள். வருபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அறை இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். அந்தத் தளத்தை உங்கள் கையில் ஒப்படைத்தார்கள். ஆறு மாதம் உழைத்தீர்கள். அந்த உழைப்பைத்தான் நான் பாடவேண்டும்.

உங்களிடம் நான் முதலில் வியப்பது குறை பொறுக்காத மனத்தை. தளத்தின் வேகத்தை அளந்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும் லைட்ஹவுஸ் கருவி அந்த விடுதிக்கு 99 கொடுத்தது. 90ஐத் தாண்டினாலே பச்சை நிறம். வேறு எவராவது அங்கே நிறுத்தி, கணினியை மூடி, வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் போகவில்லை. அந்தக் கருவி புள்ளி போடும் வளைகோடு நேர்கோடு அல்ல என்பதும், 90இலிருந்து 94க்கு ஏறத் தேவைப்படும் அளவு முன்னேற்றம் 99இலிருந்து 100க்கு ஏறவும் தேவை என்பதும், அதை உருவாக்கியவர்களே தங்கள் விளக்கத்தில் எழுதிவைத்திருக்கும் செய்தி. முழுப் புள்ளியை யாரும் எட்டவேண்டும் என்று தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்றுகூட அவர்கள் சொல்கிறார்கள். அவர்களே எதிர்பார்க்காததை நீங்கள் செய்து காட்டினீர்கள். மூன்று வாரம் எழுத்துருக்களைக் கத்தரித்தீர்கள். நிரல் கோப்புகளைப் பிரித்துப் பிரித்து மறுபடி சேர்த்தீர்கள். ஒரு புள்ளி ஏறியது. திரையில் நூறு என்று பச்சை வட்டம் சுழன்றபோது உங்கள் கண் கலங்கியிருக்கும். அந்த நெகிழ்ச்சியை நான் மதிக்கிறேன். ஒரே பக்கத்தை அதே கருவியால் மறுநாள் அளந்தால், வலையமைப்பின் நெரிசலாலும் கணினியின் சுமையாலும் புள்ளி தானாகவே இரண்டொன்று ஏறி இறங்கும் என்பதை நினைவுபடுத்தி அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

அடுத்து உங்கள் துணிவு. பெரியவர்கள் செய்ததைச் சிறியவர்களுக்கும் செய்து கொடுக்க ஆசைப்பட்டீர்கள். டக்ளஸ் போமன் என்ற வடிவமைப்பாளர் 2009இல் கூகுளை விட்டு விலகியபோது எழுதியதை இந்தத் துறையில் எல்லோரும் அறிவர். இரண்டு நீலங்களில் எது நல்லது என்று தீர்மானிக்க முடியாத ஒரு குழு, இரண்டுக்கும் நடுவே 41 சாயல்களைச் சோதனைக்கு விட்டது. 2012இல் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைக் காட்டும் முறையில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். வருமானம் 12% கூடியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். அந்த யோசனை ஆறு மாதத்துக்கு மேலாக யாரும் தொடாத பட்டியலில் கிடந்தது என்பது அந்தக் கதையின் அழகான பகுதி. இவற்றை வாசித்த உங்களுக்கு உடல் சிலிர்த்தது. விடுதியின் 'அறை கேட்க' பொத்தானைப் பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க, வருபவர்களில் பாதிப் பேருக்கு ஒன்றையும் பாதிப் பேருக்கு மற்றதையும் காட்டும் ஏ-பி சோதனை ஒன்றைத் தொடங்கினீர்கள்.

இங்கேதான் உங்கள் பொறுமையை நான் முழுமையாகப் புகழவேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு இரண்டாக இருக்கும் விசாரிப்பு 2.2ஆக உயர்கிறதா, அதாவது பத்தில் ஒரு பங்கு கூடுகிறதா என்று நம்பிக்கையோடு சொல்வதற்குப் புள்ளியியலாளர் வழமையாகக் கேட்கும் அளவு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 80,000 பேர். இரண்டுக்கும் சேர்த்து 1,60,000க்கு மேல். நாளொன்றுக்கு 40 பேர் வருகிறார்கள். 4,000 நாளுக்கு மேல் ஆகும். அதாவது 11 ஆண்டு. சோதனை தொடங்கிய அன்று வில்கமுவவில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளை, முடிவு வரும்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும். அதுவரை பொத்தான் எந்த நிறம் என்று தெரியாமல் அந்தக் குடும்பம் காத்திருக்கும். விளைவு இன்னும் பெரிதாக, ஐந்தில் ஒரு பங்காக இருந்தாலும் மூன்று ஆண்டு வேண்டும். மூன்று ஆண்டில் விடுதியின் கூரை இரண்டு முறை பழுது பார்க்கப்படும். விலை மாறும். பாதை மாறும். யானை வரும் தடம்கூட மாறும். மாறாமல் இருக்கவேண்டியது பொத்தானின் நிறம் ஒன்றுதான். ஒரு நிறத்துக்காக இவ்வளவு காலம் காத்திருக்க ஒப்புக்கொண்ட மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஆனால் நீங்கள் காத்திருக்கவில்லை. அதுவும் உங்கள் கனிவு. இரண்டாவது வாரமே கோடு மேலே போவதைக் கண்டு, உடைமைக்காரர் மனம் குளிரட்டும் என்று, செம்மஞ்சள் வென்றது என அறிவித்துவிட்டீர்கள். தினமும் எட்டிப் பார்த்தீர்கள், உயர்ந்த நாளில் நிறுத்தினீர்கள். இப்படி எட்டிப் பார்ப்பதன் விலையை 1969இலேயே ஆர்மிடேஜும் அவருடைய தோழர்களும் கணக்கிட்டு வைத்தார்கள். இறுதியில் ஒரே ஒரு முறை பார்த்தால் நூற்றுக்கு ஐந்து முறைதான் பொய்யான வெற்றி தோன்றும் என்று இருக்கும் ஒரு சோதனையை, நடுவிலே பத்து முறை எட்டிப் பார்த்து நிறுத்த இடம் வைத்தால், பொய்யான வெற்றி நூற்றுக்கு 19க்கு ஏறிவிடும். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்து தலை விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்துகிறவருக்குத் தலைதான் எப்போதும் விழும். உடைமைக்காரர் உங்கள் சொல்லை நம்பினார். நம்பிக்கையை விதைக்கும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

உங்கள் நினைவாற்றலையும் போற்றவேண்டும். வந்தவர் எந்த நாட்டவர், எந்தக் கைப்பேசி, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் தாவினார் என்பதையெல்லாம் மறவாமல் வைத்திருக்கிறீர்கள். மாதந்தோறும் 38 பக்க அறிக்கை. வட்ட வரைபடம், பட்டை வரைபடம், இலங்கையின் வரைபடத்தில் சின்னச் சின்ன நீலப் பொட்டுகள். பழைய கூகுள் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1இல் புதிய தரவை வாங்குவதை நிறுத்தியது. ஓராண்டு கழித்து அதன் பழைய கணக்குகளைத் திறந்து பார்க்கவும் முடியாமல் போனது. அப்படிப் போய்விடும் முன்னர், விடுதியின் எல்லா ஆண்டுத் தரவையும் பதிவிறக்கிக் காப்பாற்றினீர்கள். ஓலைச்சுவடியைக் கரையானிடமிருந்து மீட்டவர்களைப் போல மீட்டீர்கள். சுவடியை மீட்டவர்கள் அதைத் திறந்து வாசித்தார்கள் என்பது ஒன்றுதான் உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு.

அளப்பதிலும் உங்கள் கை தாராளம். ஓர் அளவைக் கருவி போதாதென்று ஐந்தைப் பொருத்தினீர்கள். சுட்டி எங்கே நகர்கிறது என்று பதிவு செய்ய ஒன்று, எங்கே அதிகம் சொடுக்குகிறார்கள் என்று வெப்பப் படம் வரைய ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நிரலைக் கொண்டுவந்து பக்கத்தின் மேல் இறக்கியது. கூகுளே இலவசமாகத் தந்து, 2023 செப்டெம்பர் 30இல் மூடிவிட்ட ஆப்டிமைஸ் என்ற சோதனைக் கருவி நினைவிருக்கும். இரண்டு வடிவங்கள் மாறுவது கண்ணில் படாமலிருக்க, சோதனை நிரல் வந்து சேரும்வரை பக்கத்தையே மறைத்துவைக்கும் ஒரு துண்டு நிரலையும் அதோடு தந்தார்கள். அந்த மறைப்புக்கு வழமையான உச்ச வரம்பு 4 வினாடி. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும் என்று அதே கூகுள் அளவுகோல் வைத்திருக்கிறது. வேகத்துக்காக மூன்று வாரம் எழுத்துருவைக் கத்தரித்த கை, நிறத்தைச் சோதிப்பதற்காகப் பக்கத்தின் மேல் போர்வையைப் போட்டது. ஹெட்டிபொலவில் அரைகுறை சிக்னலில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தப் போர்வை எப்போது விலகும் என்று உங்கள் 38 பக்கத்தில் ஒரு பக்கமும் சொல்லவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அந்த ஊர் உழவரிடம் உங்களைக் கொஞ்ச நேரம் அழைத்துப்போக எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

குறைந்துகொண்டே போகும் பலன் என்பது பொருளாதாரப் புத்தகத்தில் பிறப்பதற்கு முன்பே வயலில் பிறந்தது. 1760களில் பிரான்சின் டுர்கோ இதைச் சொன்னபோது நிலத்தை ஒரு சுருள்வில்லுக்கு ஒப்பிட்டார். மேலே எடையை வைத்துக்கொண்டே போனால் வில் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு நன்றாக இறங்கும், ஒரு கட்டத்துக்குப் பின், முன்பு நன்றாக இறக்கிய அதே எடைக்கு மயிரிழை அளவு இறங்குவதும் அரிது. 1817இல் ரிக்கார்டோ தன் பொருளாதார நூலை இதன் மேல் கட்டினார். ஜெர்மனியின் மிச்சர்லிக் 1909இல் பசளைக்கும் விளைச்சலுக்கும் இடையிலுள்ள அந்த வளைகோட்டைச் சமன்பாடாக எழுதினார். வில்கமுவ உழவருக்கு இந்த மூவரின் பெயரும் தேவையில்லை. முதல் மூடை யூரியா பயிரை எழுப்புகிறது. இரண்டாவது கொஞ்சம் கதிர் கூட்டுகிறது. அதற்கு மேல் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும், தண்டு மெலியும், தத்திப் பூச்சி தேடி வரும், பெரும்போக மழையில் ஒரு காற்றுக்கு முழு வயலும் படுத்துவிடும். கூடுதலாகப் போட்ட மூடைக்குக் காசும் போயிற்று, இருந்த நெல்லும் போயிற்று.

வளைகோட்டின் மறுமுனையையும் அந்த உழவர் தன் உடம்பில் அனுபவித்தவர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் ஒரே அடியில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது சேதம் நடந்துவிட்டது. மூன்றாம் மூடையைப் பறித்திருந்தால் யாரும் அழுதிருக்கமாட்டார்கள். பறிக்கப்பட்டது முதல் மூடை. முதல் மூடைக்கும் மூன்றாம் மூடைக்கும் பசளை என்ற பெயர் ஒன்று, விலை ஒன்று, எடை ஒன்று. ஆனால் வயலில் அவை இரண்டு வேறு பொருள்கள். ஆகவே அளவையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த மூடை முதல் மூடை என்று தெரியவேண்டும் என்கிறேன்.

இன்னொரு பாடமும் அந்த மண்ணில் உண்டு. 1828இல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, பின்னர் லீபிக் உலகெங்கும் பரப்பிய விதி அது. பயிருக்கு வேண்டிய சத்துகளில் எது மிகக் குறைவோ, அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. மற்றவற்றை எவ்வளவு கொட்டினாலும் பயிர் அந்தக் குறைந்ததன் மட்டத்திலேயே நிற்கும். பல உயரப் பலகைகளால் செய்த பீப்பாயில் தண்ணீர் மிகக் குட்டையான பலகை வரைதான் நிற்கும் என்று இதைப் படம் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் உங்கள் துறையில் இதே விஷயத்தைப் புனல் என்கிறீர்கள். மேலே வந்தவர் எத்தனை, கீழே இறங்கியவர் எத்தனை என்று. வில்கமுவவில் அதற்கு வாய்க்கால் என்று பெயர். மினிப்பேயிலிருந்து தண்ணீர் வருகிறது. தன் வயலுக்கு வராவிட்டால் உழவர் வயலின் வரம்பை மெருகிட உட்காரமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோரம் மேல்நோக்கி நடப்பார், எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க.

அந்த விடுதிக்கு எங்கே உடைந்திருந்தது?

பக்கத்தில் கொடுத்திருந்த தொலைபேசி எண் உடைமைக்காரரின் பழைய இலக்கம். அழைத்தால் மணி அடிக்கும், எவரும் எடுக்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டவர்களுக்கு மறுநாள் மாலைதான் பதில் போனது, ஏனென்றால் பகலில் வீட்டாரெல்லாம் வயலில். ஹெட்டிபொலவிலிருந்து விடுதிக்கு எந்தச் சந்தியில் திரும்புவது என்று ஒரு வரியும் இல்லை. இருட்டிய பின் அந்தப் பாதையில் யானை நிற்கக்கூடும், ஐந்து மணிக்கு முன் வந்து சேருங்கள் என்று எழுதவில்லை. அறை விலை டாலரில் மட்டும். பக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு யானை காட்ட நினைக்கும் மாத்தளைக் குடும்பமோ மட்டக்களப்புக் குடும்பமோ தமிழில் ஒரு சொல்லைத் தேடி, சிங்களக் குடும்பம் சிங்களத்தில் ஒரு சொல்லைத் தேடி, கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கும். இவற்றில் எதையும் உங்கள் ஐந்து கருவிகளும் காட்டவில்லை. எண்ணை அழைத்துவிட்டு யாரும் எடுக்கவில்லை என்று மனம் கசந்தவர், உங்கள் கணக்கில் 'தொலைபேசியைச் சொடுக்கியவர்' என்ற வெற்றிப் பட்டியலில் அல்லவா சேர்ந்திருக்கிறார்!

இப்போது எடை போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 40 பேர் என்றால் ஆண்டுக்கு 14,600 பேர். நூற்றுக்கு இரண்டு என்றால் 292 விசாரிப்பு. உங்கள் செம்மஞ்சள் பொத்தான் உண்மையிலேயே பத்தில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 29 விசாரிப்பு அதிகம். மூன்றில் ஒருவர் தங்குவதாகக் கொண்டால் பத்து இரவு. விடுதியில் நான்கு அறை, ஆண்டில் 365 இரவு, ஆக மொத்தம் 1,460 அறை-இரவு. உங்கள் ஆறு மாத உழைப்பின் மிகச் சிறந்த விளைவு அந்த 1,460இல் பத்து. தொலைபேசியை மாற்றி, பகலில் எடுக்க ஒருவரை வைத்திருந்தால் அந்த 292 பேரில் எத்தனை பேர் திரும்பிப் போகாமலிருந்திருப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். அதைச் செய்ய ஆறு மாதம் வேண்டியதில்லை. அரை நாள் போதும். அந்த வேலையில் வரைபடம் இல்லை, புள்ளி இல்லை, பச்சை வட்டம் இல்லை. எவரும் கைதட்டமாட்டார்கள். உங்கள் திறமைக்கு அது மிக எளிய வேலை என்பது எனக்கும் விளங்குகிறது.

பெரிய நிறுவனங்களை முன்மாதிரியாகக் கொண்டதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் சொல்லிவைத்ததை முழுவதும் கேட்டிருக்கலாம். பிங்கில் சோதனைகளை நடத்திய ரான் கோஹாவி திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி இது. கூகுளிலும் பிங்கிலும் செய்யப்படும் சோதனைகளில் நல்ல விளைவு தருபவை நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதுக்குள்தான். மிச்சமெல்லாம் ஒன்றும் மாற்றாதவை, அல்லது கெடுத்தவை. பத்தில் எட்டு வீணாகப் போனாலும் அவர்களுக்குக் கட்டுபடியாகிறது, ஏனென்றால் கோடிக்கணக்கானவர் வரும் வாசலில் ஒரு துளி மாற்றம் கடலளவு பலன். அவர்கள் மூன்றாம் மூடையைப் போடவில்லை. எல்லையில்லாத வயலில் முதல் மூடையைத் தூவிக்கொண்டிருக்கிறார்கள். நான்கு அறை விடுதிக்கு அதே முறையை எடுத்து வந்தது, அரை ஏக்கர் வயலை உழ மகாவலி அணை கட்டிய இயந்திரத்தைக் கொண்டுவந்ததற்குச் சமம். இயந்திரம் பழுதில்லாதது. ஓட்டுநரும் வல்லவர். வரம்புதான் மிஞ்சவில்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான் என்பது நாம் எல்லோரும் படித்த கதை. புறநானூற்றின் 95ஆம் பாட்டு அந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது. அவனுடைய வேல்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலிருக்கும் மனையில் கிடந்தன. அதியமானுடையவையோ நுனி மழுங்கி, கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. ஔவை சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. தொண்டைமானின் வேல்கள் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன. வேலைப் பார்த்துப் பெருமைப்பட்ட அவன், வேல் எதற்கு என்ற கேள்வியை அப்போதுதான் கேட்டிருப்பான். உங்கள் டாஷ்போர்டைத் திறந்து காட்டியபோது எனக்கு அந்தக் கொட்டில் நினைவுக்கு வந்தது. நெய் மணம்கூட வந்தது.

இனி மறைப்பின்றிப் பேசுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கவலை இருக்கிறது. சிற்றூர்களில் ஒரு கடைக்காரரோ, விடுதிக்காரரோ, ஓர் அலுவலகமோ இணையத்தளத்துக்கென்று ஒதுக்கக்கூடிய பணமும் நாளும் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை எதில் இடுவது என்பதில் அவர்கள் உங்களைத்தான் நம்புகிறார்கள். உங்கள் அறிக்கையை அவர்களால் சோதிக்க முடியாது. நீங்கள் எதை அளக்கிறீர்களோ அதுவே முக்கியம் என்று எடுத்துக்கொள்வார்கள். அளக்க எளிதானதை நீங்கள் அளந்தால் அளக்க எளிதானதுதான் அவர்களுக்கும் முக்கியமாகிவிடும். அரசப் பக்கங்களுக்கும் இதுவே பொருந்தும். பெரும்போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் என்று திறப்பார்கள் என்ற ஒரே ஒரு திகதியைத் தேடி ஓர் உழவர் கைப்பேசியைத் திறக்கிறார் என்றால், அந்தத் திகதி முதல் திரையில், அவர் மொழியில் இருக்கவேண்டும். பக்கத்தில் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்ற எண் நீள நீள உங்கள் அறிக்கையில் மகிழ்ச்சி. அவருக்கோ அது தேடிக் கிடைக்காமல் தவித்த நேரம்.

காட்டோரத்து வயலில் இரவுக் காவலுக்குப் பரணில் ஏறுகிறவர் வயல் முழுவதையும் சம கவனத்தோடு பார்ப்பதில்லை. ஏறும் முன் மின்வேலியோரமாக ஒரு முறை நடக்கிறார். நேராக நிற்கும் கம்பங்களைக் கடந்து போகிறார். எந்தக் கம்பம் சாய்ந்திருக்கிறது, எங்கே கம்பி தளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார், ஏனென்றால் யானை அந்த இடத்தால்தான் வரும். அந்தக் கம்பத்தை நிமிர்த்திவிட்டுத்தான் பரணில் ஏறுகிறார். மிச்ச இரவு அந்தப் பக்கத்தையே நோக்கி உட்கார்ந்திருக்கிறார். அளவைக்கும் வேலைக்கும் இடையிலே இருக்கவேண்டிய விகிதத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது நான்கு பழக்கம். அளக்கத் தொடங்கும் முன், இந்த எண் கூடினால் என்ன செய்வேன், குறைந்தால் என்ன செய்வேன் என்று எழுதிவையுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த எண் தேவையில்லை. ஒரு திருத்தம் உச்சகட்டமாக எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே பெருக்கிப் பாருங்கள். அது உங்கள் கூலியைத் தாண்டாவிட்டால் தொடாதீர்கள். நாளுக்கு 40 பேர் வரும் இடத்தில் ஏ-பி சோதனையை விட்டுவிட்டு, ஐந்து பேரைப் பக்கத்தில் இருத்தி அறையைப் பதியச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று வாய் திறக்காமல் பாருங்கள். 90ஐத் தாண்டி ஒரு கிழமை ஆனபின் வேகப் புள்ளியை மறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் விடுதிக்காரரின் மகளுக்குப் பக்கத்தில் விலையைத் தானே மாற்றக் கற்றுக்கொடுங்கள். அவள் செய்யும் அந்த ஒரு மாற்றத்துக்கு உங்கள் மூன்று வாரத்தை விடப் பலன் அதிகம்.

நீங்கள் நிறுத்தத் தெரியாதவர் என்பது என் குற்றச்சாட்டு இல்லை. உங்கள் கையில் இருப்பது அரிய திறமை. கணக்கு தெரிந்த, நுணுக்கம் பார்க்கத் தெரிந்த, இரவிரவாக உழைக்கத் தயங்காத ஒருவர் சிற்றூர் மனிதர் பக்கம் நிற்கிறார் என்றால் அது பெரும் பேறு. அந்தப் பேறு 99க்கும் 100க்கும் நடுவே கரைந்துபோவதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மாத அறிக்கையைத் தொடங்கும் முன் அந்த விடுதிப் பக்கத்தை ஒரு பழைய கைப்பேசியில் திறந்து, அங்கே போட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே ஒரு முறை அழைத்துப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு அழையுங்கள், வீட்டார் வயலில் இருக்கும் நேரம். மணி எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணுவதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யாருமில்லை. மறுமுனையில் யாராவது எடுத்து, வாருங்கள், இருட்டும் முன் வந்துவிடுங்கள், பாதையில் யானை நிற்கும் என்று சொன்னால், அன்று எனக்கு எழுதுங்கள். அந்த நாளில் உங்களை நான் புகழ்வேன். அப்போது என் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கும்.